ராய் இசையின் பின்கட்டு வழியே

காலித் பாடிய ‘தீதீ’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடியவர் பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு தெரிந்திருக்கும். 1992-இல் வந்த பாட்டு. அரபு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களை எழுந்து ஆட வைத்தது. பிரான்ஸில் முதல் பத்துப் பாட்டுகளுக்குள் நுழைந்தது. அல்ஜீரியாவின் ராய் இசை என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது காலித்தின் சிரித்த முகமும் சின்தசைசர் ஒலியும்தான். முன்வாசல் அவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது. இருக்கட்டும், நாம் இன்று அந்த வழியாக நுழையப் போவதில்லை. பின்பக்கம் சின்னதாக ஒரு கதவு இருக்கிறது. குனிந்து வாருங்கள். உள்ளே புழுதி, ஆட்டுத்தோல், நாணல் குழல், கசங்கிய ரூபாய்த் தாள்கள் மாதிரி கை மாறும் பிராங்க் நோட்டுகள், மது வாடை, மருதாணி வாசம். அத்தனைக்கும் நடுவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஷேக்கா ரிமித்தி.

இவரைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் எனக்கு நிலைகொள்ளாது. எழுத்துக் கற்காதவர், இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கட்டியவர். தாய் தந்தையை இழந்து தெருவில் வளர்ந்தவர், பிற்காலத்தில் ஒரு தலைமுறையே தாய் என்று கொண்டாடியவர். மெக்கா போய் வந்த பிறகும் காதலையும் உடலையும் பாடுவதை நிறுத்தாதவர். 71 வயதில் மேற்கத்திய ராக் கிதார்காரர்களோடு ஒரே ஆல்பத்தில் இடம்பிடித்தவர். 83 வயதில் பாரீஸின் பெரிய அரங்கில் பாடிவிட்டு இரண்டாம் நாள் இறந்துபோனவர். இப்படி ஒரு வாழ்க்கையைக் கற்பனையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்பாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதலில் வேலை நடக்கும் இடத்தைக் காட்டிவிடுகிறேன். மேற்கு அல்ஜீரியாவில் ஓரான் நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளி. கல்யாணம், சுன்னத்து, ஏதாவது ஒரு ஞானியின் அடக்கத்தலத்தில் ஆண்டுத் திருவிழா. கூடாரம் போட்டிருக்கிறார்கள். பெண்களுக்கான பகுதியில் மத்தாஹாத் என்ற பாடகிகள் பாடுவார்கள். அங்கே ஆண்களுக்கு இடமில்லை. ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் பாடத் துணிந்த பெண்கள் வேறு. அவர்கள்தான் ஷேக்காக்கள். அவர்கள் பாட்டை எல்லோரும் கேட்பார்கள், விடிய விடியக் கேட்பார்கள். ஆனால் தங்கள் வீட்டுப் பெண் அப்படிப் பாடுவதை யாரும் சகிக்க மாட்டார்கள். அதனால் ஷேக்காக்கள் குடும்பப் பெயரை வெளியில் சொல்வதில்லை. ஊர்ப் பெயரோ பட்டப் பெயரோதான் அவர்களுக்கு அடையாளம்.

பக்க வாத்தியம் என்னவென்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கஸ்பா, ஒரு கெல்லால். கஸ்பா என்பது நாணலில் செய்த குழல். நம் புல்லாங்குழல் போலக் குறுக்கே பிடிப்பதில்லை. நுனியை உதட்டோரத்தில் சாய்வாக வைத்து விளிம்பில் ஊதுவார்கள். சுத்தமான சுரம் மட்டும் வராது. கூடவே மூச்சின் சீறலும் வரும், அந்தச் சீறல்தான் அதற்கு அழகு. ஒரு கஸ்பா மெட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று அதன் கீழேயே ஊர்ந்து போகும். கெல்லால் ஒரு நீண்ட ஒடுங்கிய குழாய் மத்தளம், ஒரு முனையில் மட்டும் தோல். தொடைமேல் கிடத்தி விரல்களால் தட்டுவார்கள். பாடகி கையில் பெந்தீர் என்ற வட்டப்பறை இருப்பதும் உண்டு. அதன் தோலுக்கு உள்பக்கமாக நரம்பு இழுத்துக் கட்டியிருப்பதால் ஒவ்வொரு அடியும் ‘ஜ்ஜ்’ என்று அதிரும். இரவுக் குளிரில் தோல் தளர்ந்தால் அனலில் காட்டி எடுப்பார்கள். ஒலிவாங்கியும் இல்லை, தந்தி வாத்தியமும் இல்லை. இதற்கு மேலே ஏறி ஒலிக்க வேண்டும் பாடகியின் குரல்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆளைக் காட்டுகிறேன். பாடகிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்கிறாரே, அவர்தான் பர்ராஹ். அறிவிப்பாளர். விருந்தாளி ஒருவர் நோட்டை அவர் கையில் திணித்து ஒரு செய்தி சொல்வார். பர்ராஹ் கையை உயர்த்துவார், பாட்டு நிற்கும். இன்னார் இன்ன நண்பருக்காக, இன்ன ஊர்க்காரர்களின் பெருமைக்காக இவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று உரக்கக் கூவுவார். நம் ஊர்க் கல்யாண மொய்யை ஒலிபெருக்கியில் படிப்பதைப் பாட்டின் நட்ட நடுவில் கொண்டுவந்து வைத்தால் எப்படியோ அப்படி! அதோடு முடியாது. எதிர் வரிசையில் இருப்பவருக்கு ரோஷம் வந்துவிடும். அவர் கூடுதலாகக் கொடுத்து, அந்தப் பாட்டு வேண்டாம், வேறு பாட்டு பாடச் சொல் என்பார். முதல் ஆள் விடுவாரா? பழைய பாட்டைத் திரும்பக் கொண்டுவர இன்னும் கொஞ்சம் இறைப்பார். காசு ஏற ஏற இரவு நீளும்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் பாடகியின் மூளை என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதி வைத்த பாட்டு இருந்தால் நொடியில் சிதறிப்போகும். ஷேக்காக்களிடம் அப்படி எழுதிய பாட்டே கிடையாது. சின்னச் சின்ன அடிகள் நூற்றுக்கணக்கில் மனதில் இருக்கும். சில தாமே கட்டியவை, சில வழிவழியாக வந்தவை. எதிரே இருப்பவர் யார், அவர் காதலில் தோற்றவரா, பிழைப்புக்காகப் பிரான்ஸ் போகிறவரா, குடித்திருக்கிறாரா என்று பார்த்து அந்த அடிகளை அங்கேயே கோக்க வேண்டும். அடிகளுக்கு நடுவே ‘யா ராய்’ என்றொரு நீண்ட விளி வரும். இந்த இசைக்கே பெயராகிப் போன விளி அது. கேட்பவருக்கு அது உருக்கம். பாடுகிறவருக்கு அடுத்த அடியைத் தேடிப் பிடிக்கக் கிடைத்த இரண்டு மூச்சு நேரமும் அதுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த ராய் பாட்டைக் கேட்டாலும் அந்த விளி வரும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு பாட்டு பிறக்கும் நொடியை நம் காதுபடவே திறந்து வைத்துவிட்டார்களே!

ரிமித்தி இந்தக் கூடாரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

1923 மே 8-ஆம் தேதி, சீதி பெல் அப்பேஸ் நகரத்துக்கு அருகே தெஸ்ஸாலாவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஸாதியா. அரபியில் மகிழ்ச்சியோடும் நற்பேறோடும் உறவுள்ள பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்றைய அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மேற்குப் பகுதியின் நல்ல நிலமெல்லாம் குடியேறிய ஐரோப்பியர்களின் திராட்சைத் தோட்டங்களாகிவிட்டன. சீதி பெல் அப்பேஸில் பிரெஞ்சு அந்நியப் படையின் தலைமையகம். அனாதைச் சிறுமிக்குக் கிடைத்தது ஐரோப்பியர் வீடுகளில் எடுபிடி வேலை, வயல் கூலி, எங்காவது படுக்க ஒரு மூலை. 15 வயதை ஒட்டி, ஊர் ஊராகப் போய் வாசித்துவந்த ஹம்தாஷி இசைக்குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டார். முதலில் ஆட்டக்காரி, பிறகுதான் பாடகி.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கூடவே பஞ்சமும் வந்தது. 1941, 42-இல் டைபஸ் காய்ச்சல் அல்ஜீரியாவைப் புரட்டிப் போட்டது. ரெலிஸான் என்ற ஊரில் இருந்தபடி கண்ணெதிரே மனிதர்கள் விழுவதைப் பார்த்தார் ஸாதியா. அங்கேதான் சொந்தமாக அடிகள் கட்டத் தொடங்கினார். துன்பம்தான் தனக்கு ஆசிரியர், பாட்டுகள் தலைக்குள் தாமாக ஓடும், அவற்றைப் பிடித்து வைக்கக் காகிதமும் வேண்டாம் பேனாவும் வேண்டாம் என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் மலைப்பு என்னவென்றால், துன்பத்திடம் பாடம் கேட்ட அந்தப் பெண் ஒப்பாரிக்காரி ஆகவில்லை. குடியின் மயக்கம், கூடலின் இன்பம், நட்பு, கிழவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண்ணின் அருவருப்பு, கடல் கடந்து போனவனின் தனிமை என்று உயிரோடு இருப்பவர்களின் வேட்கையைத்தான் பாடினார். சாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவருக்கு உடம்பின் சந்தோஷம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்கிறது.

பெயர் வந்த கதை இது. ஒரு திருவிழா நாள், மழை. ஒரு சாராயக் கூடாரத்தில் ஒதுங்குகிறார். உள்ளே இருந்தவர்களுக்கு இவரை அடையாளம் தெரிந்துவிடுகிறது, ஒரே ஆரவாரம். சந்தோஷத்தில் எல்லோருக்கும் தன் செலவில் இன்னொரு சுற்று ஊற்றச் சொல்ல நினைக்கிறார். கடை நடத்தும் பெண்மணிக்குப் பிரெஞ்சுதான் தெரியும், இவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்போது புழங்கிய ஒரு பிரெஞ்சுப் பாட்டில் ‘ரெமெத்தே’ என்று வருவது நினைவுக்கு வருகிறது. மறுபடி ஊற்றுங்கள் என்று பொருள். அதையே பாடிக் காட்டிவிட்டார். அரபு நாக்கில் அது ‘ரிமித்தி’ ஆனது. கூட்டம் அங்கேயே பெயர் சூட்டிவிட்டது. பாருங்கள், எழுத்தில்லாதவர் தம் பெயரைக்கூட ஒரு பாட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

கஸ்பா வாசிப்பில் பேர்பெற்ற முகம்மது உல்த் என்னெம்ஸ் இவருக்குத் துணையாக வாய்த்தார். வானொலி, இசைத்தட்டு உலகத்துக்கு வழி காட்டியவர் அவர்தான். 1952-இல் பாத்தே மார்க்கோனி நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. ‘எர்-ராய் எர்-ராய்’ என்ற பாட்டு அதில்தான் இருந்தது. தட்டில் அச்சான பெயர் ஷேக்கா ரெமெத்தே ரெலிஸானியா. பிரெஞ்சுச் சொல்லும் ரெலிஸான் ஊரும் ஒட்டிய பெயர். விடிய விடியப் பாடிப் பழகியவரைக் கொண்டுபோய், ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கொள்ளும் தட்டின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே முகங்கள் இல்லை. பர்ராஹ் இல்லை. பாட்டைத் திருப்பிவிட யாரும் காசு நீட்டவில்லை. அப்படியும் அந்தக் காலப் பதிவுகளில் குரல் எப்படி இருக்கிறது தெரியுமா? தாழ்ந்த, கரகரத்த, முரட்டுக் குரல். கூடாரத்தின் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும் என்ற பழக்கத்தோடேயே ஒலிவாங்கியிடம் பாடுகிறது. நயமாகப் பாட வேண்டும் என்ற எண்ணமே இல்லை. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கிறது.

1954-இல் வெடித்தது ‘ஷர்ரக் கத்தா’. கிழித்தெறி என்கிற தொனியிலான தலைப்பு. திருமணத்துக்கு முன் பெண்ணின் கன்னிமையை ஊரே காவல் காக்கும் சமூகத்தில், அந்தக் காவலை நோக்கி வீசிய கல்லாகவே எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒழுக்கம் பேசியவர்கள் கொதித்தார்கள். தட்டு விற்றுத் தீர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. விடுதலை முன்னணியினருக்கும் இவர் பாட்டு பிடிக்கவில்லை. காலனி ஆட்சி கெடுத்துவைத்த நாட்டுப்புறப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். 1962-இல் நாடு விடுதலை பெற்றது. புதிய அரசு இவரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆகாதவராக்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய வானொலியில் பாடியவர் என்பதும் ஒரு குற்றமாயிற்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்த மண்ணின் கூலிக்காரர்களும் வீட்டு வேலைக்காரிகளும் பேசிய பேச்சு, அவர்கள் ஏங்கிய ஏக்கம், அவர்கள் ஊதிய நாணல் குழல், இதில் பிரெஞ்சு ஆட்சி கொடுத்தது எது? போர் முடிந்த நாட்டுக்குத் தூய்மையான ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த முகத்தில் ரிமித்திக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் கல்யாண வீடுகளுக்கு அரசாணை எட்டவில்லை. வானொலியில் இல்லாத பாடகியை ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒலிநாடா வந்த பிறகு கேட்கவே வேண்டாம், தணிக்கைக்கு எட்டாத சந்தை அது.

1971-இல் பெரிய கார் விபத்து. உடன் வந்த இசைக்காரர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். இவர் நினைவிழந்து கிடந்து மீண்டார். 1976-இல் ஹஜ் போய் வந்தார். குடியையும் புகையையும் விட்டார். பாட்டை விடவில்லை! கூடாரத்துக்கே திரும்பினார். ஹாஜியார் பாடலாமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேட்டவர்களுக்கு முன்னால் பெந்தீரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் இந்த அம்மாள். இறைவனோடு உள்ள கணக்கு வேறு, பாட்டு வேறு என்று அவர் வாழ்ந்து காட்டியது எனக்கு எந்த மேடை வெற்றியையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

1978-இல் பாரீஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பார்பேஸ் பக்கம் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கூடும் கஃபேக்கள் உண்டு. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த ஆண்கள் நிறைந்த புகை மண்டிய அறைகள். கூடாரம் சுருங்கி கஃபே ஆனது, அவ்வளவுதான். மற்றபடி அதே கஸ்பா, அதே கெல்லால், அதே குரல்.

இதற்குள் ஓரானில் இன்னொரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. ஐன் தெமுஷான்த் ஊர்க்காரர் பெல்லெமு மெஸ்ஸவூத், கஸ்பா இருந்த இடத்தில் டிரம்பெட்டை வைத்தார். யோசித்துப் பாருங்கள், மூச்சின் சீறலோடு கேட்ட மெட்டு திடீரென்று பித்தளையில் பளீரென்று! அடுத்து வந்த பையன்கள் ஷேக் என்று பெரியமனிதர் பட்டம் போட்டுக்கொள்ளவில்லை. ‘ஷெப்’, இளைஞன் என்று போட்டுக்கொண்டார்கள். 1960-இல் ஓரானில் பிறந்த காலித் அவர்களில் ஒருவர்.

இவர்களுடைய பின்கட்டும் பார்க்க வேண்டியதுதான். தெலெம்சென் நகரத்தில் ரஷீத் பாபா அகமதுவும் அவர் தம்பி ஃபெத்தியும் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார்கள். டிரம் மெஷின், சின்தசைசர், பல தடங்களில் பதியும் கருவி எல்லாம் உண்டு. பாடகர் வந்து அடிகளைப் பாடிவிட்டுப் போவார். வாத்திய ஒலிகளைப் பிற்பாடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். 1983-இல் ஷாபா ஃபதேலாவும் ஷெப் ஸஹ்ராவியும் பாடிய ‘ன்ஸெல் ஃபீக்’ அங்கே உருவானதுதான். கருவி மாறியது, பாட்டுக் கட்டும் முறை பெரிதாக மாறவில்லை. இளைஞர்களும் ஒலிவாங்கி முன்னால் நின்று தெரிந்த அடிகளைக் கோத்துத்தான் பாடினார்கள். ஒலிநாடா வியாபாரிகள் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விற்பனையில் பங்கு என்ற பேச்சே கிடையாது. ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவார், கேட்பார் இல்லை.

அந்தப் பொதுப் பானையில் நிறைய இருந்தது ரிமித்தி சமைத்தது. அவருக்கு இதில் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. தன் பாட்டுகளை எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் பணம் பார்க்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சாடினார். ராய் இசையின் தாய், பாட்டி என்று புகழ் மாலை சூட்டினால் ஆயிற்றா, பாட்டுக்கு உரிய காசு எங்கே என்பது நியாயமான கேள்வி. எழுத்தறியாத ஒருவர் வாயால் கட்டியதற்குப் பத்திரம் ஏது? எப்போது பதிவுரிமைச் சண்டை பற்றிப் படித்தாலும் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது.

1985-இல் ஓரானில் முதல் ராய் விழா. 1986 ஜனவரியில் பாரீஸை ஒட்டிய போபினியில் பிரான்ஸின் முதல் ராய் விழா. கூடாரத்துப் பாட்டு ஐரோப்பியப் பத்திரிகைகளின் கலைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. 1994-இல் பாரீஸின் அரபு உலக நிறுவனத்தில் ரிமித்தியின் கச்சேரி நடந்தது. செய்ன் ஆற்றங்கரையில் கண்ணாடியும் உலோகமுமாக நிற்கும் நாகரிகக் கட்டடம். அதற்குள் அந்த நாணல் குழல்கள் ஒலித்ததை நினைத்தாலே எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

அதே ஆண்டு வந்த ‘சீதி மன்ஸூர்’ ஆல்பத்தில் இருப்பவர்கள் பட்டியலைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் கிதார். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ பேஸ் கிதார். டெட் கென்னடீஸ் என்ற பங்க் குழுவின் ஈஸ்ட் பே ரே இன்னொரு கிதார். பாரீஸிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிப்பதிவு. பாடியவருக்கு வயது 71! எல்லோரும் எதிர்பார்ப்பது ராக் சத்தத்தில் பாட்டியின் குரல் அமுங்கிப்போகும் என்று. நடந்தது வேறு. காது கொடுத்துக் கேளுங்கள், கிதார்கள்தான் அவர் போகும் திசையில் ஓடுகின்றன. பேஸ் கிதார் கெல்லாலின் வேலையைச் செய்கிறது. பர்ராஹ் எந்த நொடியில் நிறுத்தினாலும் தாளத்தைத் தவறவிடாமல் மறுபடி ஏறிய குரல் அவருடையது. மின்சாரத்துக்கெல்லாம் மிரளுமா? பங்க்காரர்களுக்கும் இவருக்கும் பொருந்திப்போனதில் எனக்கு வியப்பில்லை. பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கும் விஷயத்தை உரத்த குரலில் பாடுவதில் இவர் அவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டு மூத்தவர்.

அல்ஜீரியாவிலோ அப்போது ரத்த ஆறு. உள்நாட்டுப் போரில் பாடகர்களும் இலக்கானார்கள். 1994 செப்டம்பர் 29-ஆம் தேதி ஷெப் ஹஸ்னியை ஓரானில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த பிப்ரவரியில் ரஷீத் பாபா அகமதுவும் கொல்லப்பட்டார். அந்தத் தெலெம்சென் கூடத்தில் ஒலிகளை அடுக்கி அடுக்கி ஒரு தலைமுறைக்கே பாட்டு கொடுத்த மனிதர். காதல் பாட்டு பாடியதற்கும் பதிவு செய்ததற்கும் உயிர் போன காலம். ரிமித்தி எழுபது கடந்தும் அதே வகைப் பாட்டுகளைப் பாடியபடி இருந்தார்.

2000-இல் ‘நூவார்’. ராக் கிதார்களை விட்டுவிட்டு மறுபடி குழலுக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடிய ஆல்பம். பிரான்ஸின் ஷார்ல் க்ரோ அகாதமி அதற்குப் பெரும் பரிசு கொடுத்தது. 2005-இல் கடைசி ஆல்பம் ‘ன்தா கூதாமி’. இதைப் பதிவு செய்ய ஓரானுக்கே போனார். பாரீஸில் ஆயிரம் வசதி இருக்க, ஓரானின் இளம் ராய்ப் பாடகர்கள் பதிவு செய்யும் பூஸிஃப் ஸ்டூடியோவில், அவர்கள் பயன்படுத்தும் அதே கீபோர்டுகளோடு, 82 வயதில்! பேரப்பிள்ளைகள் தன் பாட்டை எடுத்துக்கொண்டு போன இடத்துக்கே போய், இப்படித்தான் பாட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது எனக்கு. குரல் முன்பைவிடக் கரடு. உற்சாகம் மட்டும் துளிகூடக் குறையவில்லை.

மேடையில் இவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது கைகளைத்தான். மினுமினுக்கும் நீண்ட அங்கி, சிவக்கச் சிவக்க மருதாணி இட்ட உள்ளங்கைகள். அந்தக் கைகளை உயர்த்திக் காட்டுவார், தோள்களைக் குலுக்குவார். ஓடியாடி மேடையை நிரப்பும் வேலையெல்லாம் கிடையாது. நின்ற இடத்திலேயே தோளும் இடுப்பும் தாளம் சொல்லும். ஆட்டக்காரியாகத் தொடங்கியவர் அல்லவா!

2006 மே 13. பாரீஸின் லா வில்லெத் பூங்காவில் உள்ள ஸெனித் அரங்கம். பல ஆயிரம் பேர். மேடையில் காலித்தும் உண்டு, ரிமித்தியும் உண்டு. 83 வயது முடிந்து ஐந்து நாள். பாடினார், தோள் குலுக்கினார், கூட்டம் துள்ளியது. மே 15-ஆம் தேதி பாரீஸில் மாரடைப்பால் இறந்தார். உடலை அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோய் ஓரானில் அடக்கம் செய்தார்கள். 2022 டிசம்பரில் யுனெஸ்கோ அல்ஜீரியாவின் ராய் பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. விண்ணப்பித்தது அல்ஜீரிய அரசுதான். ஒரு காலத்தில் வானொலிப் பக்கமே வராதே என்று இவரைத் தடுத்த அதே நாட்டின் அரசு.

கேட்கத் தொடங்க வேண்டுமா? என் யோசனையைச் சொல்கிறேன். ‘நூவார்’ ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். குழல், தோல், குரல் மூன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். அடுத்து ‘சீதி மன்ஸூர்’; ஃப்ளீயின் பேஸ் எங்கே கெல்லால் மாதிரி பேசுகிறது என்று தேடிப் பிடியுங்கள். இரண்டையும் கேட்டு முடித்த பிறகு 1950-களின் பாத்தே பதிவுகளுக்குப் போங்கள். இணையத்தில் கிடைக்கின்றன. கரகரப்பு நிறைய இருக்கும், பொருட்படுத்தாமல் ஒலியைக் கூட்டி வையுங்கள். முதலில் கஸ்பா சீறும், பிறகு அந்தக் குரல் வரும்.